மந்தையோடு போகாத நாய்

பிரேக்கில் கால் வைத்தால் ‘டொக்’. ஒரே ஒரு தரம். காலை எடுத்துவிட்டால் அப்படி ஒரு சத்தம் இந்த வண்டியில் வந்ததா என்றே சந்தேகமாகிவிடும்.

சைரா அதை முதலில் கேட்டது ஆற்றுப் பாலத்துக்கு முன்னால். பள்ளத்துக்காக எசென் வண்டியை மெதுவாக்கினான். அடியில் யாரோ படுத்துக்கொண்டு சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, பிறகு மூச்சுவிடாமல் கிடப்பது போல இருந்தது. அவள் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். எசென் உதட்டைக் குவித்துச் சீட்டியடித்துக்கொண்டிருந்தான். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவன் சீட்டியடித்து அவள் கேட்டதே இல்லை.

“என்ன சத்தம் அது?”

“எது?”

“இப்ப கேட்டுச்சே.”

“பின்னால சரக்கு இருக்குல்ல. உருண்டிருக்கும்.”

பின்னால் இருந்தது மாவு மூட்டையும் உப்பு மூட்டையும். மாவு மூட்டை டொக்கென்று சொல்லாது. அது அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். அதற்குப் பிறகு வீடு வந்து சேரும்வரை எசென் பிரேக்கையே மிதிக்கவில்லை. கியரைக் குறைத்துக் குறைத்து, வண்டியைத் தானாக ஓயவிட்டு, வாசல் மண்மேட்டில் முட்டவைத்து நிறுத்தினான்.

வண்டி நின்றதும் மொய்னோக் ஓடி வந்தது. கழுத்தில் வெள்ளைப் பட்டை போட்ட பெரிய மந்தை நாய். எசமானை மோப்பம் பிடிக்கவில்லை, வாலை ஆட்டவில்லை. நேராக வண்டிக்கு அடியில் நுழைந்து படுத்துக்கொண்டது.

அந்த நாயைப் பார்த்தாலே சைராவுக்கு எரிச்சலாக வந்தது. கோடை மேய்ச்சலுக்காக மந்தை அன்று காலையில்தான் கரா-பெல் கணவாயை நோக்கிக் கிளம்பியிருந்தது. எசெனின் தம்பி மாக்சத் ஒரு குதிரையில், மகள் ஜிபார் ஒரு குதிரையில், நடுவில் ஆடுகள். ஆடு ஊரைத் தாண்டுவதற்குள் முன்னால் போய் நிற்கிற நாய் இந்த வருஷம் நகரவே இல்லை. மாக்சத் கத்திப் பார்த்தான், கயிறு போட்டு இழுத்துப் பார்த்தான். அது பிக்கப்புக்கு அடியில் நான்கு காலையும் ஊன்றிக்கொண்டு வரமாட்டேன் என்றது. “கிழமாயிடுச்சு, சோம்பேறி ஆயிடுச்சு” என்று திட்டிவிட்டு அவன் போய்விட்டான். பக்கத்து வீட்டுத் தூமார் மட்டும், “மந்தையோட போகாத நாய் வீட்டுக்கு நல்லதில்லடி” என்று சொல்லி வைத்தாள். தூமாருக்கு எதுவுமே வீட்டுக்கு நல்லதில்லை. அதனால் சைரா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இப்போது அது காதுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

மறுநாள் விடிந்தபோது கணவாயைக் காணோம். மலை இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு மேக மூட்டை கிடந்தது. காற்று கிழக்கிலிருந்து திரும்பி, முற்றத்தில் உருட்டி வைத்திருந்த கம்பளங்களின் ஓரத்தைத் தூக்கித் தூக்கிப் பார்த்தது. கூடாரத்துக் கம்புகள், மடக்கிய வேலித் தட்டிகள், இரும்பு அடுப்பு, வெண்ணெய் எடுக்கிற மிஷின், அண்டா எல்லாம் வெளியே வந்து கிடந்தன. மந்தை நடந்து போய்ப் புல்வெளியில் இறங்குகிற அன்றைக்கே கூடாரமும் வண்டியில் போய்ச் சேர வேண்டும். முன்னால் போகிறவர்கள் கையில் ஆளுக்கு ஒரு கம்பளியும், ஒரு கெண்டியும், ரொட்டியும், காய்ந்த தயிர் உருண்டையும்தான் இருக்கும். அதற்குமேல் ஒரு இரவு தாக்குப்பிடிக்காது.

அடுப்பின் சாம்பலைத் தட்டிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. மாக்சத். அந்தப் பக்கம் ஏதாவது ஒரு மேட்டில் ஏறினால்தான் சிக்னல் கிடைக்கும். காற்றுக்கு நடுவே கத்தினான்.

“அண்ணி! இங்க காத்து மாறிடுச்சு. பனி விழும்போல இருக்கு. பிந்தி சினையான ஆடு ரெண்டு ராவுல குட்டி போட்டுடுச்சு. ஒண்ணு செத்துப் போச்சு. ஒண்ண ஜிபாரு சட்டைக்குள்ள வச்சிக்கிட்டு இருக்கா. அவளுக்கும் இருமல். இன்னிக்கி வந்துருவீங்கல்ல?”

“வந்துருவோம் கடைக்குட்டி. சாயங்காலத்துக்குள்ள வந்துருவோம்.” கொழுந்தனைப் பேர் சொல்லிக் கூப்பிடுவது அந்த ஊர் மருமகள்களுக்கு வழக்கமில்லை.

“வண்டி நல்லா இருக்குல்ல?”

அவள் பதில் சொல்வதற்குள் சிக்னல் போய்விட்டது. நல்லவேளை என்று நினைத்துக்கொண்டாள்.

போனை மடியில் செருகிக்கொண்டு, எசெனிடம் சொல்லாமலேயே கெங்கேஷைக் கூப்பிடப் போனாள்.

கெங்கேஷ் கூட்டுப் பண்ணை இருந்த காலத்தில் டிராக்டர் ரிப்பேர் பார்த்தவர். பண்ணை போய்விட்டது, டிராக்டர்களும் போய்விட்டன, கெங்கேஷின் வீட்டுக் கொல்லையில் மட்டும் நாலைந்து வண்டிகளின் எலும்புக்கூடு கிடந்தது. கீழுதட்டுக்குள் ஒரு சிட்டிகைப் பச்சைப் புகையிலையை அடக்கிக்கொண்டு, பேச்சைவிடத் துப்பலே அதிகமாக நடந்து வந்தார். எசென் முற்றத்தில் கம்புகளைக் கட்டிக்கொண்டிருந்தான். அவரைப் பார்த்ததும் கயிற்றைக் கீழே போட்டான்.

“இவ உங்களையும் இழுத்துக்கிட்டு வந்துட்டாளா?”

“மாஸ்டர் வீட்டுல மாஸ்டருக்கு என்ன வேலைன்னு நானும் கேட்டேன். உம் பொண்டாட்டி விடல.”

ஊரில் எசெனை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். குளிர்காலமெல்லாம் ருஷ்யாவில் ஒரு பெரிய காரேஜில் வேலை பார்த்தவன். அந்தச் சம்பாத்தியத்தில்தான் பிக்கப் வந்தது. ஊர்க்காரர்கள் வண்டியைக் கொண்டுவந்து காட்டினால் பானெட்டைத் திறந்து ரொம்ப நேரம் பார்ப்பான். பார்த்துவிட்டு, “இதுக்குப் பார்ட்ஸ் இந்தப் பக்கம் கெடைக்காது” என்று மூடிவிடுவான். அது பெரிய மெக்கானிக் பேசுகிற பேச்சு மாதிரித்தான் இருந்தது.

“சரி, சொல்லு. எப்ப வருது சத்தம்?”

“அப்பப்ப” என்றான் எசென்.

“காலையில சாமான் ஏத்த இவரு வண்டிய முன்னயும் பின்னயும் எடுத்தப்ப கவனிச்சேன். பிரேக்க மிதிச்சா வருது. முன்னால போயி மிதிச்சா ஒண்ணு. பின்னால எடுத்து மிதிச்சா ஒண்ணு. ஒரே எடத்துல ரெண்டு தரம் மிதிச்சா ரெண்டாவது தரம் வராது” என்றாள் சைரா.

கெங்கேஷ் அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினார். “அப்ப எதுவோ ஒண்ணு முன்னாலயும் பின்னாலயும் நகருது. எது நகருதுன்னுதான் பாக்கணும். சக்கரம் யாராச்சும் கழட்டினீங்களா? பிரேக்கத் தொட்டீங்களா?”

“யாரும் தொடல” என்றான் எசென். கொஞ்சம் வேகமாகவே சொன்னான். “முன் பிரேக்க நானே எட்டிப் பாத்தேன். பேடு, டிஸ்க்கு எல்லாம் புதுசாட்டம் இருக்கு.”

“மாஸ்டர் பாத்தாச்சுன்னா அப்புறம் நான் என்னத்தப் பாக்க?”

முன்பக்கம் ஜாக்கி போட்டார். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். ஆட்டம் இல்லை. “பேரிங் நல்லா இருக்கு.” அடியில் நுழையப் போனார். அங்கே ஏற்கெனவே ஆள் இருந்தது.

“இது யாரு, அசிஸ்டென்ட்டா?”

மொய்னோக் இடது முன்சக்கரத்தின் உள்பக்கத்தில் மூக்கை வைத்து நக்கிக்கொண்டிருந்தது. கெங்கேஷ் கழுத்துத் தோலைப் பிடித்து இழுத்து வெளியே விட்டார். அது ஒரு சுற்றுச் சுற்றி வந்து மறுபடியும் அதே இடத்தில் படுத்தது. இரண்டாம் தரமும் இழுத்து விட்டார். அதுவும் இரண்டாம் தரம் வந்தது.

“மந்தைக்குப் போகச் சொன்னா போகல. இங்க வந்து வேலை கத்துக்குது” என்றாள் தூமார். சாமான் ஏற்ற ஒத்தாசைக்கு வந்தவள் கம்பள உருளைமேல் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஓட்டிப் பாத்துடுவோம்” என்றார் கெங்கேஷ்.

அதுவரை ஏற்றியிருந்த சாமான்களை இறக்க வேண்டியதாயிற்று. கூடாரத்தின் முகட்டு வளையத்தை மட்டும் தரையில் வைக்கக் கூடாது. அந்த வீட்டில் எத்தனையோ பேர் பிறந்தபோதும் போனபோதும் மேலே இருந்த வளையம் அது. சைராவும் தூமாரும் ஆளுக்கொரு பக்கம் தூக்கி, கம்பள உருளைகளின்மேல் வைத்தார்கள்.

“ஏத்துறதும் எறக்கறதும். நாலு கால் இருக்கற மிருகத்துல போனப்ப இந்தத் தலவலி இல்ல” என்றாள் தூமார்.

“ஒட்டகத்துக்கு வலிச்சா அது கத்தும். இது டொக்குங்குது. அவ்வளவுதான்” என்றார் கெங்கேஷ், சீட்டில் ஏறிக்கொண்டே.

அவர் ஓட்டினார். எசென் பக்கத்தில் உட்கார்ந்தான். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கேட்பதற்காகச் சைரா பின்தொட்டியில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள். பாப்லார் மரங்களைத் தாண்டி இறக்கம். மிதித்தார். டொக். விட்டார். மிதித்தார். ஒன்றுமில்லை. பின்னால் எடுத்து மிதித்தார். டொக். இறக்கத்தில் வேகம் பிடித்து நன்றாக அழுத்தினார். வண்டி இடதுபக்கம் லேசாக இழுத்துக்கொண்டு நின்றது. நின்ற இடத்தில் காற்று ஒரு நொடி ஓய்ந்தது.

அப்போது ஒரு வாசனை வந்தது. கொழுப்பு உருகி, வாணலியில் பொன்னிறமாகிற வாசனை.

கெங்கேஷ் ஜன்னலில் தலையை நீட்டி மூக்கை உறிஞ்சினார். “யாரோ கறி வறுக்கறாங்கப்பா. சைரா, உங்க வீட்டுல காலையில ஒரு வாய் டீகூட யாரும் நீட்டல எனக்கு.”

“திரும்பிப் போனதும் சாப்பாடே போடறேன்.”

அவள் சுற்றிலும் பார்த்தாள். பாப்லார் மரங்களும், வரப்பும், கல்லும்தான் இருந்தன. கண்ணுக்கெட்டிய தூரத்தில் ஒரு வீடில்லை, ஒரு புகையில்லை. எசென் நேராக முன்னால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் பிடரி சிவந்திருந்தது.

திரும்பி வந்ததும் கெங்கேஷ் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தார். ஷாஃப்ட்டைப் பிடித்துத் திருகினார். எசெனிடம் வண்டியை முன்னும் பின்னும் தள்ளச் சொன்னார். “கிராஸ் ஜாயின்ட்டு நல்லா இருக்கு.” பின்பக்க ஸ்பிரிங் பட்டைகளைக் கடப்பாரையால் நெம்பினார். “பட்டை நல்லா இருக்கு.” ஒவ்வொரு ‘நல்லா இருக்கு’க்கும் சைராவின் மனம் அமைதியடைவதற்குப் பதில் இன்னும் இறுகியது. எல்லாம் நல்லா இருந்தால் தட்டுவது யார்? மலைப்பக்கம் பார்த்தாள். சாம்பல் மூட்டை கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது.

கெங்கேஷ் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார்.

“எல்லாம் பாத்தாச்சு. மிச்சம் கியர் பாக்ஸும் அது உக்காந்திருக்கற கட்டையும்தான். எறக்கிப் பாக்கணும். இன்னிக்கி முடியாது. நாளைக்கும் சந்தேகந்தான்.”

“முன் சக்கரம்?” என்றாள் சைரா.

“அதத்தான் மாஸ்டர் பாத்துட்டேங்கறாரே.”

இரண்டு பேரும் எசெனைப் பார்த்தார்கள். எசென் கையைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தான். கையில் துடைக்க ஒன்றுமில்லை.

“அதெல்லாம் பாத்தேன். கியர் பாக்ஸும் எறக்க வேணாம், ஒண்ணும் எறக்க வேணாம். சாமான ஏத்துங்க, கெளம்பிருவோம். இத்தன நாள் ஓடினது இன்னிக்கி ஒரு நாள் ஓடாதா?”

“ஏறறதுக்கு ஓடும்” என்றார் கெங்கேஷ். “எறங்கறதுக்கு?”

கரா-பெல்லின் அந்தப் பக்க இறக்கம் எல்லாருக்கும் தெரியும். வளைவுக்குமேல் வளைவு. ஒரு வளைவில் நின்று எட்டிப் பார்த்தால் கீழே பாறையில் ஒரு பழைய லாரியின் கூடு, குப்புற விழுந்த வண்டு மாதிரி கிடக்கும். அங்கே வரும்போது பேசிக்கொண்டு வருகிறவர்களும் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

“டீ குடிச்சுட்டு முடிவு பண்ணுங்க” என்று சொல்லிவிட்டு சைரா கொட்டகைக்குப் போனாள். வறுத்த மாவில் டீ காய்ச்சக் கொழுப்பு வேண்டும்.

கொட்டகையின் உத்திரத்தில் ஆட்டு வால் கொழுப்பு தொங்கியது. உப்புத் தடவிய வெள்ளைக் கட்டி. அந்த வீட்டில் அதைத் தொடுகிறவள் அவள் ஒருத்திதான். எப்போதும் அடியிலிருந்து மெல்லிசாகச் சீவி எடுப்பாள். கத்தியைத் தூக்கியவள் அப்படியே நின்றுவிட்டாள். பின்பக்கத்தில், சுவரைப் பார்த்த பக்கத்தில், உள்ளங்கை அளவுக்கு ஒரு துண்டு வெட்டப்பட்டிருந்தது. முரட்டுவெட்டு. வெட்டின இடம் மஞ்சளாகிக் காய்ந்திருந்தது. புதுசு இல்லை. பனி உருகிச் சேறான நாட்களில் வெட்டினதாக இருக்கும்.

சைரா கத்தியைக் கீழே வைத்தாள். சக்கரத்தடியில் நக்குகிற நாய். வீடில்லாத இடத்தில் கறி வறுக்கிற வாசனை. இப்போது இது.

வாசலில் நின்று கூப்பிட்டாள். “ஜிபாரு அப்பா, இங்க ஒரு நிமிஷம் வாங்க. உத்திரத்துலேருந்து இத எறக்கணும்.”

அவன் உள்ளே வந்ததும் கதவைச் சாத்தினாள்.

“இத வெட்டினது யாரு?”

“எத?”

“நேத்தும் ‘எது’ன்னீங்க. இன்னிக்கி ‘எத’ங்கறீங்க.”

“பூட்ஸுக்குத் தடவ எடுத்தேன்.”

“உங்க பூட்ஸு வெளுத்து வெடிச்சு வாசல்ல கெடக்கு.”

எசென் மாவு மூட்டையின்மேல் உட்கார்ந்தான். வெளியே தூமார் எதற்கோ சிரிக்கிற சத்தம் கேட்டது.

“பிரேக்கு கீச்சு கீச்சுன்னு கத்துச்சு” என்றான் தரையைப் பார்த்து. “சந்தைக்குப் போயிட்டு வந்தப்ப. கழட்டினேன். ரெண்டு பின்னு இருந்துச்சு, காஞ்சு போயி. வீட்டுல கிரீஸு இல்ல. குதிரச் சேணத்துக்கு இதத்தான் தடவறோம், வண்டி அச்சுக்கு எங்கப்பன் இதத்தான் தடவினாரு. பின்னுக்குத் தடவினேன். போல்ட்டுக்கும் தடவினேன், அடுத்த தரம் கழட்ட லேசா இருக்கும்னு.”

“அவர் கேட்டப்ப ஏன் சொல்லல? காரேஜுல வேலை செஞ்சவரு பிரேக்கக் கழட்டினேன்னு சொல்றதுல என்ன வந்துச்சு?”

சைரா அவன் கைகளைப் பார்த்தாள். கெங்கேஷின் கையில் ரேகையெல்லாம் கறுப்பு. எந்தச் சோப்புக்கும் போகாத கறுப்பு. எசென் ஒவ்வொரு வசந்தத்திலும் வீடு திரும்பும்போது அவன் கைகள் வெளுத்து, ஊறி, விரலிடுக்கெல்லாம் வெடித்துக் கிடக்கும். இந்த வால் கொழுப்பைத்தான் சூடுகாட்டி அவள் தடவிவிடுவாள். எத்தனை வசந்தம் தடவியிருப்பாள்! ஒரு தரம்கூட இது மெக்கானிக் கை இல்லையே என்று தோன்றவில்லை.

“அங்க என்ன வேலை பாத்தீங்க?”

“கழுவினேன்.”

“எத?”

“வண்டிய. குழாயப் பிடிச்சிக்கிட்டு. தண்ணி தரையில விழறதுக்குள்ள ஐஸாயிடும். ஸ்பானரத் தொட்டா கைய ஒடிச்சுருவேன்னான் அந்த மேஸ்திரி. அவங்க கழட்டறத தூரத்துலேருந்து பாப்பேன். பாத்துப் பாத்துக் கத்துக்கிட்டேன்னு நெனச்சேன்.” மூக்கைத் துடைத்துக்கொண்டான். “ஊர்ல எறங்கினப்ப யாரோ மாஸ்டர்னு கூப்பிட்டாங்க. நான் இல்லன்னு சொல்லல. அவ்வளவுதான்.”

“இப்பப் போயி அவருகிட்ட சொல்லுங்க.”

“நீ சொல்லு.”

“நான் சொல்ல மாட்டேன்.”

“தூமாரு இருக்கா. சாயங்காலத்துக்குள்ள ஊரே சிரிக்கும்.”

“சிரிக்கட்டும்.”

“சைரா, மெதுவா ஓட்டறேன். முதல் கியர்லயே எறக்கிடறேன். அந்தப் பக்கம் போயிட்டா...”

“சரி. ஏத்துவோம்” என்றாள் அவள். குரல் உயரவே இல்லை. “நானும் பக்கத்துல உக்காந்து வரேன். அந்த எறக்கத்துல அது ஒவ்வொரு தரம் டொக்குங்கறப்பவும் ரோட்டப் பாக்க மாட்டேன். உங்க மூஞ்சியத்தான் பாப்பேன். லாரி கெடக்கற வளைவுலயும் உங்க மூஞ்சியத்தான் பாப்பேன். மேல ஒருத்தி ஆட்டுக்குட்டியச் சட்டைக்குள்ள வச்சிக்கிட்டு, எங்கப்பா மெக்கானிக்கு, எப்படியும் வந்துருவாருன்னு உக்காந்திருக்கா. கெளம்புங்க.”

எசென் எழுந்து, மாவு ஒட்டிய காற்சட்டையோடு வெளியே போனான். சைரா கொட்டகைக்குள்ளேயே நின்றாள். கேட்காமல் இருக்க முடியவில்லை, பார்க்கவும் முடியவில்லை.

“கெங்கேஷ் அண்ணே. இடது முன் பிரேக்க நான் கழட்டினேன். வால் கொழுப்பு தடவினேன். நான் மெக்கானிக் இல்ல. அங்க வண்டிதான் கழுவினேன்.”

ஒரு துப்பல் சத்தம். பிறகு கெங்கேஷ், “ஜாக்கிய எடு” என்றார்.

சக்கரம் கழன்று வந்தது. டிஸ்க்கைக் கவ்விப் பிடித்திருக்க வேண்டிய அந்தக் காலிப்பரின் கீழ் போல்ட்டைக் காணோம். ஓட்டை மட்டும் இருந்தது. மேல் போல்ட்டு கொழுப்பில் வழுக்கிக் கழன்று, பாதி வெளியே வந்து ஒரே ஒரு மரையில் நின்றது. பின்னை மூடியிருந்த ரப்பர் உறையில் பல் தடம். பாதியைத் தின்றேவிட்டது நாய். தின்னாத பாதி கொழுப்பில் ஊறி உப்பியிருந்தது. கெங்கேஷ் காலிப்பரை ஒரு விரலால் தள்ளினார். அது முன்னால் போய் ‘டொக்’. இழுத்தார். ‘டொக்’. சைரா நேற்றுப் பாலத்துக்கு முன்னால் கேட்டு, இரவெல்லாம் காதை விட்டுப் போகாத அதே சத்தம், இப்போது ஒரு கிழவர் விரலில்.

“ரெண்டாவது வளைவு தாண்டாது” என்றார் கெங்கேஷ். எசென் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. “நான் கியர் பாக்ஸ எறக்கியிருப்பேன்டா. ரெண்டு நாள் அதக் கட்டிக்கிட்டு அழுதுட்டு, ஒண்ணுமில்லன்னு மாட்டி, உங்கள மேல அனுப்பியிருப்பேன். நான் அனுப்பியிருப்பேன். புரியுதா?”

“புரியுது அண்ணே.”

மொய்னோக் எல்லாருக்கும் நடுவில் வந்து உட்கார்ந்து, கழற்றி வைத்த பின்னைப் பார்த்து நாக்கைச் சுழற்றியது. அதைப் பார்த்ததும் கெங்கேஷின் தோள் குலுங்கத் தொடங்கியது.

“உப்புப் போட்டுத் தடவினியா, போடாமலா?”

“உப்புப் போட்டதுதான்.”

“அதான் விடல. ஒரு வெங்காயத்த நறுக்கிப் போட்டிருந்தா எறக்கத்துலயே வண்டிய நிறுத்திச் சாப்பிட்டிருக்கலாம்.”

தூமார் கம்பளத்தில் சாய்ந்து சிரித்தாள். எசென் சிரிக்கவில்லை. ஆனால் அந்த இடத்தை விட்டுப் போகவும் இல்லை.

கெங்கேஷின் கொல்லையில் கிடந்த வண்டிக் கூடுகளில் ஒன்றிலிருந்து போல்ட்டும் ரப்பர் உறையும் கிடைத்தன. எசென்தான் ஓடிப் போய்க் கழற்றிக் கொண்டுவந்தான். பெட்ரோலை ஒரு டின்னில் ஊற்றி அவன் முன்னால் வைத்தார் கெங்கேஷ்.

“கழுவு. உனக்குத் தெரிஞ்ச வேலைதானே?”

குத்தலாகத்தான் சொன்னார். எசென் குந்தி உட்கார்ந்து கழுவினான். பின்னின் வளைவிலும், போல்ட்டின் மரையிலும், காலிப்பரின் உள்மூலையிலும் துணியைக் கயிறாகத் திரித்து நுழைத்து நுழைத்து எடுத்தான். கறுத்த கொழுப்பு சுருள் சுருளாக வந்தது. ஒரு பொட்டுக்கூட விடவில்லை. கெங்கேஷ் பின்னை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் கிரீஸை எடுத்தார். வலதுபக்கச் சக்கரத்தையும் கழற்றி, அதையும் அவனிடமே நீட்டினார்.

கடைசியாக ஸ்பானரை எசென் கையில் கொடுத்தார். “நீ முடுக்கு. நான் பாக்கறேன். இன்னும். இன்னும் கொஞ்சம். ம், போதும். இப்படித்தான் இருக்கணும் கை. ஞாபகம் வச்சிக்க.”

சாமான்கள் மறுபடியும் ஏறின. முகட்டு வளையம் எல்லாவற்றுக்கும் மேலே. தூமார் ஒரு கிண்ணம் மோரை நீட்டி ஆளுக்கு ஒரு மிடறு குடிக்கவைத்து அனுப்பினாள். மொய்னோக்கை எசென் தூக்கி மூட்டைகளுக்கு நடுவில் போட்டான்.

ஏற்றத்தில் பனித்தூறல் பிடித்துக்கொண்டது. மழையும் இல்லாமல் பனியும் இல்லாமல் கண்ணாடியில் வந்து ஒட்டி வழிந்தது. உச்சியைத் தாண்டி, முதல் வளைவில் எசென் பிரேக்கை மிதித்தான்.

ஒன்றுமில்லை.

சைரா காத்திருந்தாள். அடுத்த வளைவு. ஒன்றுமில்லை. அதற்கடுத்தது. சத்தம் வரும் என்று தெரிந்தபோது அது வந்ததும் மூச்சு விடலாம். இப்போது எங்கே மூச்சு விடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. லாரி கிடக்கிற வளைவில் அவன் நன்றாக மிதித்தான். வண்டி பக்கவாட்டில் இழுக்காமல் நேராக ஓய்ந்தது. எசென் ஒரு தரம் மூக்கை உறிஞ்சிப் பார்த்துக்கொண்டான். அவளும் உறிஞ்சினாள். ஈர மண்ணும் சூடான இரும்பும் மட்டும்தான் மணந்தன.

பொழுது சாய்கிற நேரத்தில் புல்வெளியில் இறங்கினார்கள். ஆடுகள் காற்றுக்கு முதுகைக் காட்டி ஒரே கம்பளமாகக் குவிந்து நின்றன. ஒரு பாறைக்குக் கீழே ஜிபார் கம்பளியைத் தலையோடு போர்த்தி உட்கார்ந்திருந்தாள். கழுத்துக்குக் கீழே சட்டைப் பொத்தானுக்கு நடுவில் ஒரு கறுப்பு மூக்கு தெரிந்தது. சைரா மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், குட்டியின் மூக்கைத் தொட்டுப் பார்த்தாள், அடுப்பை இறக்க ஓடினாள்.

காற்று பலப்பதற்குள் கூடாரம் நிற்க வேண்டும். தட்டிகளை வட்டமாக விரித்துக் கட்டினார்கள். எசென் கவட்டைக் கம்பில் முகட்டு வளையத்தை ஏந்தி நடுவில் நின்றான். மற்றவர்கள் சுற்றிலும் நின்று கூரைக் கம்புகளை ஒவ்வொன்றாக வளையத்தின் துளையில் செருகினார்கள். எல்லாக் கம்பும் ஏறுகிறவரை வளையத்தைத் தாங்குகிறவன் அசையக் கூடாது.

“ஏன்ப்பா இவ்ளோ நேரம்?” என்றாள் ஜிபார், கம்பைத் தூக்கிக்கொண்டே. குரல் கரகரத்தது.

“பிரேக்குல கோளாறு.”

“நீதான் மெக்கானிக்காச்சே. ஒரு நிமிஷ வேலதானே?”

“நான் மெக்கானிக் இல்ல” என்றான் எசென், மேலே வளையத்தைப் பார்த்தபடி. “ருஷ்யாவுல நான் வண்டி கழுவினேன்.”

ஜிபார் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி மறுபடியும் சிரிப்பாயிற்று. மாக்சத்தும் சேர்ந்துகொண்டான். “அண்ணன் இன்னிக்கி நல்ல குஷியில இருக்காரு அண்ணி!”

சைரா தன் கையிலிருந்த கம்பைத் துளைக்குக் கொண்டுபோய் நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள். சிரித்து அப்படியே போகவிடுவது எவ்வளவு லேசு என்று அவளுக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும்.

“கழுவினேன் ஜிபாரு” என்றான் எசென் மறுபடியும். “நிஜமாத்தான் சொல்றேன். கெங்கேஷ் மாமாதான் வண்டியச் சரி பண்ணினாரு. கெடுத்தது நான்.”

இந்தத் தரம் யாரும் சிரிக்கவில்லை. போர்த்தாத கம்புகளுக்கு நடுவே காற்று வந்து போயிற்று. ஜிபார் அப்பாவைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள்.

“வளையம் சாயுது” என்றாள் சைரா. “நேராப் பிடிங்க.”

அவன் நேராகப் பிடித்தான். அவள் கம்பைச் செருகினாள். ஜிபார் ஒரு நொடி தயங்கிவிட்டு, அடுத்த துளையில் தன் கம்பைச் செருகினாள்.

வெளியே மொய்னோக் வண்டியிலிருந்து குதித்தது. நேராக இடது முன்சக்கரத்துக்கு அடியில் போய் மூக்கை நீட்டியது. கிரீஸ் வாடை. ஒரு தும்மல் போட்டது. கொஞ்சம் நின்று, பின்பக்கமும் மோந்து பார்த்துவிட்டு, தலையை உதறிக்கொண்டு, பனித்தூறலில் குவிந்து நின்ற ஆடுகளைப் பார்க்க ஓடியது. மந்தையை ஒரு முறை முழுசாகச் சுற்றி வந்து, காற்று வருகிற பக்கம் படுத்துக்கொண்டது.